முச்சந்திக்கு அந்தாண்ட

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சாவு வீட்டுக் கதை சொல்லப்போகிறேன். முகத்தைச் சுருக்காதீர்கள். சிரித்த முகமாகத்தான் உங்களை அனுப்பிவைப்பேன், என்னை நம்பி உட்காருங்கள்.

பானுப்ரியா மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், வைக்கோல் போருக்கும் சுவருக்கும் நடுவில் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு போன் பேசிக்கொண்டிருந்தாள். வாசலில் மேளம் பிளந்துகட்டியது.

"அண்ணே, கேக்குதா? மாமா போய்ட்டாரு. விடிகாலைல கேப்பைக் கூழு குடிச்சாரு, சொம்பைக் கீழ வெச்சாரு, அவ்ளோதான்."

திண்டிவனத்தில் போனை எடுத்த பாக்கியராஜ் சட்டையைத் தேடி எழுந்தார். பிறகு, "மணிமாறன் எப்படிம்மா இருக்கான்?" என்றார்.

"அதுக்குத்தாண்ணே போன் பண்ணேன். நாலு மணிக்கு எடுக்கறாங்க. முச்சந்தி வரைக்கும் நான் கூடவே நடப்பேன். அதுக்கு அந்தாண்ட பொம்பளைங்க போவ முடியாதே. சுடுகாட்டுல எல்லாரும் ஊத்திக்கினு இருப்பாங்க..."

"நீ போனை வைம்மா. சட்டை மாட்டிக்கினேதான் பேசறேன்."

செத்துப்போனவர் பானுவின் மாமனார் பெரியதம்பி. வயது எண்பத்தொன்பது. கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில் போன வாரம்வரை தன் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை பிடுங்கியவர். கல்யாணச் சாவு. வெடி, பூத்தேர், பொரி எல்லாம் தடபுடலாக இருந்தது. அழுகிறவர்கள்கூட நடுவில் நிறுத்தி அவர் சொன்ன கிண்டலைச் சொல்லிச் சிரித்துவிட்டு மறுபடி அழுதார்கள்.

பானுவுக்குத்தான் சிரிக்க முடியவில்லை. அவள் புருஷன் மணிமாறன் பதினெட்டு வருஷம் குடித்தவன். பதினோரு மாசமாகக் குடிக்காதவன். போன வருஷம் கை நடுக்கம் வலிப்பாகி, விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தான். அங்கே குடிநோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் வெனிலா என்ற பெண் தினமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். முதல் நான்கு நாள் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள் பேசினான். வீட்டுக்கு அனுப்பும்போது, மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தாள். "மாத்திரையை மட்டும் நம்பிக்கினு தனியா கெடக்காதீங்கண்ணா. குடியை விட்டவங்க ஞாயித்துக்கெழமை கூடுவாங்க. போங்க."

கூட்டம் விழுப்புரத்திலும் நடந்தது. அங்கே போகமாட்டேன் என்றான் மணிமாறன். தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடுமாம்.

"பஸ் ஸ்டாண்டுல வேட்டி இல்லாம கெடந்தியே, அப்ப பாக்காத மொகமாடா?" என்று கேட்ட பெரியதம்பிதான், "சரி, திண்டிவனத்துக்கே போவலாம், நானும் வர்றேன்" என்று கிளம்பினார். அதற்குப்பின் ஒரு ஞாயிறு விடவில்லை. இரண்டு பஸ் மாறி, அவித்த மல்லாட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பாக்கியராஜ் கூட்டம் நடத்தும் மாதா கோயில் ஹாலின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். அங்கே ஒவ்வொருவரும் எழுந்து, 'நான் இன்னார், குடிகாரன்' என்று சொல்லிவிட்டுத்தான் பேசுவார்கள். முதல் நாள் தன் முறை என்று நினைத்துக்கொண்டு கிழவரும் எழுந்தார். "நான் பெரியதம்பி. குடிகாரனைப் பெத்தவன்." ஹால் சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. அன்றைக்கே அவர் எல்லாருக்கும் அப்பா ஆகிவிட்டார்.

இப்போது அந்த அப்பாவுக்குக் கொள்ளி வைக்கவேண்டியவன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாவுக் காரியம் முழுவதையும் தலையில் போட்டுக்கொண்டு ஓடியவர் அவன் பெரியப்பா மகன் துரைக்கண்ணு. நல்ல மனுஷன்தான். மோட்டார் கொட்டகையில் இரண்டு பெட்டி சரக்கு இறக்கி வைத்திருந்தார்.

"டேய் மணி, ஒரே ஒரு கட்டிங் போட்டுக்கடா. கொள்ளி வெக்கற கை நடுங்கக் கூடாது. பெத்தவருக்குச் செய்யற காரியம்டா."

காலையில் கேட்டபோது மணிமாறன், "வேணாம்ணே" என்று பந்தலுக்கே கேட்கும்படி சொன்னான். மத்தியானம் தலையை மட்டும் ஆட்டினான். மூன்று மணிக்குக் கேட்டபோது தன் கைகளைப் பார்த்தான். பானு அதைப் பார்த்தாள். தெருமுனை வரை போய் வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

மூன்றரைக்கு ஒரு டாடா ஏஸ் வந்து நின்றது. பாக்கியராஜும் இன்னும் மூன்று ஆண்களும் ஆளுக்கொரு மாலையோடு குதித்தார்கள். பாக்கியராஜின் மனைவி அமல்ராணி சோடாப் பெட்டி ஒன்றை இறக்கினாள்.

"யாருங்க நீங்க?" என்று துரைக்கண்ணு எதிரே போனார்.

"திண்டிவனம். பாக்கியராஜ். குடிகாரன்." சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், சாவு வீட்டிலும் அப்படியே வந்துவிட்டது.

துரைக்கண்ணுவின் முகம் பூவாய் மலர்ந்தது. "அப்படிப் போடு! வாங்க, வாங்க! இந்த ஊர்ல இவ்ளோ தைரியமா எவனும் சொன்னதில்லபா!" என்று நாற்காலி போட்டார்.

பாடை கிளம்பியது. மேளத்துக்கு முன்னால் திண்டிவனத்துக்காரர்கள் நால்வரும் இறங்கி ஆடினார்கள் பாருங்கள், தெருவே வாயைப் பிளந்தது. பாக்கியராஜ் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, தரையில் குந்தி, எழும்பி, "எங்கப்பாடா! எங்கப்பாடா!" என்று கத்திக்கொண்டே ஆடினார். கண்ணில் தண்ணீர் ஊற்றியது, கால் நிற்கவில்லை.

துரைக்கண்ணு பக்கத்தில் ஓடிப்போய் மோந்து பார்த்தார். "இன்னா சரக்குபா இது, ஆளை இந்த ஆட்டு ஆட்டுது?"

"பன்னீர் சோடா."

"அது சரி, அதுல கலந்தது?"

"ஐஸு."

முச்சந்தி வந்தது. பாடையை இறக்கித் திருப்பினார்கள். பெண்கள் நின்றுவிட்டார்கள். கொள்ளிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு மணிமாறன் நடந்தான். ஈர வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. அவனுக்கு இரண்டு பக்கமும் திண்டிவனத்துக்காரர்கள் நடந்தார்கள். புளியமர வளைவில் எல்லாரும் மறைந்தார்கள். பானு அங்கேயே நின்றாள்.

"வா, தலைக்குத் தண்ணி ஊத்திக்கலாம்" என்று அமல்ராணி அவள் கையைப் பிடித்தாள்.

குளித்தார்கள், வீட்டைக் கழுவினார்கள், விளக்கை ஏற்றினார்கள். முகையூரிலிருந்து பானுவின் தம்பி குமரேசன் சம்பந்தி வீட்டு முறைச் சாப்பாட்டைக் கொண்டுவந்து இறக்கினான். அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சம்பந்தி வீடுதானே சோறு போடவேண்டும். பானு சாம்பார் வாளியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"அக்கா, அண்ணன் குடியை விட்டு எத்தினி வருஷம் ஆச்சு?"

"ஒம்போது."

"இப்பல்லாம் உங்களுக்கு பயம் இல்லல்ல?"

"யாரு சொன்னா? பஸ் லேட்டானாக்கூட ரோட்டுக்கு வந்து நின்னுக்குவேன்."

"அய்யோ! அப்ப இது எப்பதாங்கா நிக்கும்?"

"அதுக்குத்தானே ஞாயித்துக்கெழமை பொண்டாட்டிங்க நாமளும் தனியா ஒரு ரூம்ல உக்காந்து பேசறோம். அவங்களுக்கு மட்டுமா வைத்தியம்?" அமல்ராணி வாளியை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தாள். "மூடு. ஈ வுழப்போவுது."

பொழுது சாயும் நேரம். முதலில் ஒரு அழுகுரல் கேட்டது. துரைக்கண்ணுவின் குரல். பாக்கியராஜின் தோளில் தொங்கிக்கொண்டு வந்தார்.

"பானு! அம்மாடி பானு! உன் வூட்டுக்காரன் என்னை மோசம் பண்ணிட்டாம்மா!"

பானு வாசலுக்கு ஓடினாள்.

"இவனுங்க குடிகாரனுங்கன்னு சொல்லிக்கினுதானே வந்தானுங்க? ஒருத்தன் ஒரு சொட்டு தொட்டானா? உன் புருஷனைச் சுத்தி வேலி மாதிரி நின்னுக்கினானுங்க. நான் டம்ளரை நீட்டினா, இவனுங்க சோடாவை நீட்டறானுங்க! பேஜாரா பூட்ச்சும்மா! 'மணி, கை நடுங்குதுடா'ன்றேன். 'நடுங்கினா நடுங்கட்டும்ணே'ன்றான். நடுங்கிக்கினேதாம்மா கொள்ளி வெச்சான். நடுங்கிக்கினே!"

சொல்லிவிட்டுத் துரைக்கண்ணு பெஞ்சில் சாய்ந்தார். அடுத்த நிமிடம் குறட்டை வந்தது. அமல்ராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது.

மணிமாறன் கால் கழுவி, விளக்கைப் பார்த்துவிட்டு, திண்டிவனத்துக்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்தான். குடித்த அந்தப் பதினெட்டு வருஷத்தில் எந்தச் சாவு வீட்டிலும் பந்திவரைக்கும் அவன் கால் வந்து சேர்ந்ததில்லை. இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தான். சோறு விழுந்ததும் பசியெடுத்த பிள்ளைபோலப் பிசைந்தான். ஒருதரம் ஆயிற்று. மறுபடி சோறு கேட்டான்.

பானு வாளியோடு எதிரில் வந்து நின்றாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

அவள் ஊற்றினாள். நிறுத்த மறந்து ஊற்றினாள். இலை விளிம்பை நோக்கி ஓடிய சாம்பாரை, மடையில் தண்ணீர் மறிக்கிறவன்போல, அவன் சோற்றை இழுத்து அணை கட்டினான்.

உங்கள் வீட்டுப் பந்தியிலும் ஒரு இலைகூடக் காலியாகக் கிடக்கவேண்டாம், கண்ணுகளா. போனவர்கள் எல்லாரும் நேரத்தோடு திரும்பி வரட்டும். உட்கார்ந்தவர்கள் இரண்டாம்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடட்டும். ஊற்றுகிற கைகள் நன்றாக இருக்கட்டும்.