இரண்டாவது டிக்கெட்

அவருக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர்; தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற கருவியின் பெயர். டைல் பதிக்கிற தொழிலில் முப்பது வருஷம் ஊறியவர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். ஓர் ஓரம் தூக்கியிருந்தால் அவருக்குக் கொடுத்த காபி தொண்டையில் இறங்காது. முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள்கூடத் தங்கள் வீட்டுத் தரைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரே மகளிடம் ஒரு பொய் சொல்லியிருந்தார். கடல் தாண்டிக் குடும்பம் நடத்துகிற அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஏழு மாதத்தில் பிரசவம். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வரவேண்டும் என்றாள். சேமிப்பை எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒரு டிக்கெட்டுக்கு மேல் தேறவில்லை. உண்மையைச் சொன்னால் அவளே எங்காவது கடன் வாங்கி அனுப்பிவிடுவாள். மாப்பிள்ளைக்கு வேலை போய் இப்போதுதான் திரும்பக் கிடைத்திருக்கிறது. ஆகவே அந்த மாதம் பெரிய வேலை ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் அம்மா மட்டும் வருவாள் என்றும் சொல்லிவிட்டார். மகள் "சரிப்பா" என்றாள். அதற்குப் பிறகு போன் வந்தால் அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிடுகிறாள்.

ஒரு பள்ளியில் நூலகப் பொறுப்பு பார்க்கும் அவர் மனைவிதான் கிரெடிட் கார்டு பேச்சை எடுத்தாள். கூட வேலை பார்க்கும் கணக்கு டீச்சர் கார்டில் சேர்ந்த பாயிண்டை வைத்தே விமானத்தில் போய்வந்தாளாம். கிரெடிட் என்றால் கடன்தானே என்று ரசமட்டத்துக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"கடன் வாங்கச் சொல்லலைங்க. கையில இருக்கற காசை அந்த வழியாச் செலவு பண்ணுவோம்னு சொல்றேன். மாசம் முடிஞ்சா முழுசாக் கட்டிடணும், பாக்கி வெச்சா வட்டி தோலை உரிச்சிடும். அதை நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன எதுவும் இதுவரை தவறியதில்லை. அதனால் அவர் தலையாட்டிவிட்டார்.

வங்கியில் வேலை பார்க்கும் அவருடைய அக்கா மகன் அன்றைக்கே டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். தங்க நிறத்தில் ஒரு கார்டைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினான். விமான நிலையத்தில் சொகுசு அறையாம், நட்சத்திர ஹோட்டலில் சாப்பிட்டால் ஐந்து மடங்கு பாயிண்ட்டாம். மாமாவின் தலையில் எதையாவது கட்டிவிட வேண்டும் என்ற அவசரம் பையனுக்கு. மனைவிக்கோ வருடக் கட்டணமே இல்லாத வேறொரு வங்கியின் கார்டில்தான் கண். மூன்றாவதாக, ஒரு விமான நிறுவனத்தின் சொந்தக் கார்டு. கட்டணமும் உண்டு, பார்க்க ரேஷன் அட்டை மாதிரியும் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை பரப்பிப் பாத்துடலாம்" என்றார் ரசமட்டம்.

பரப்பிப் பார்ப்பது அவர் தொழில் பழக்கம். பசை குழைப்பதற்கு முன்னால் டைல்களை வெறும் தரையில் அடுக்கிப் பார்த்துவிடுவார். வாசலில் வந்து நிற்பவர் கண் முதலில் எங்கே விழுகிறதோ அங்கிருந்து முழு டைலாகத் தொடங்க வேண்டும். வெட்டுத் துண்டெல்லாம் மூலைக்குப் போய்விட வேண்டும். அவசரக்காரன் கைக்கு வந்த இடத்தில் தொடங்குவான், கடைசியில் துண்டு வாசலில் வந்து நின்று பல்லை இளிக்கும்.

ஞாயிறு காலை கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு மூன்று கார்டுகளின் விளம்பரத் தாள்களையும் தரையில் வைத்தார். டைல் பெட்டி அட்டையைச் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் வீட்டுச் செலவு ஒன்றை எழுதினார்: வேனுக்குப் பெட்ரோல், மளிகை, போன், வெட்டும் பிளேடு. தங்கக் கார்டுக்குக் கீழே ஒரு சதுரம்கூட உட்காரவில்லை. நட்சத்திர ஹோட்டலில் அவர் தரை போட்டிருக்கிறாரே ஒழியச் சாப்பிட்டதில்லை. இலவசக் கார்டில் எல்லாம் உட்கார்ந்தது, ஆனால் அது பாயிண்ட் கொடுக்கிற வேகத்துக்குப் பேரக்குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிடும்.

"நாம கார்டுலேர்ந்து ஆரம்பிக்கறோம், அதான் தப்பு. கண்ணு முதல்ல எங்க விழுது? அவ ஊர்ல. அங்கேர்ந்து வா" என்றார்.

மகளின் ஊருக்கு நேராகப் போகும் விமானம் மூன்றாவது கார்டுக்காரனுடையது மட்டும்தான். மனைவி அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டு, பிரசவ மாதத்தில் பாயிண்டுக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டாள். இப்போதைக்கு இருக்கிறது, விமானத்துக்குச் சில இடம்தான், முந்துகிறவர்களுக்குக் கிடைக்கும் என்றார்கள். கார்டு வாங்கிய மூன்று மாதத்துக்குள் ஒரு குறிப்பிட்ட தொகைக்குச் செலவு செய்தால் வரவேற்புப் பரிசாகக் கொத்தாகப் பாயிண்ட் வரும்; ஒரு டிக்கெட்டுக்கு அது கிட்டத்தட்டப் போதும். வரியை மட்டும் கையிலிருந்து கட்ட வேண்டும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தி வந்து நடுவில் ஒரு பெரிய ஓட்டை நின்றது. அவர்களுடைய மூன்று மாதச் செலவு அந்தத் தொகையில் பாதிகூட வராது.

செய்தி கேட்ட அக்கா மகன், வீட்டுக்காரர்களிடம் காசை வாங்கிக்கொண்டு டைலையெல்லாம் மாமா தன் கார்டில் வாங்கினால் தீர்ந்தது என்றான். ரசமட்டம் முடியாது என்றுவிட்டார். டைல் எத்தனை வேண்டும் என்று சீட்டெழுதிக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. கடைக்குப் போய்ப் பணம் கொடுப்பது வீட்டுக்காரர் பாடு. மேஸ்திரி கை வழியாகப் பணம் போனால், அப்புறம் வீட்டுக்காரர் தரையைப் பார்க்கமாட்டார், மேஸ்திரி சட்டைப்பையைத்தான் பார்ப்பார். முப்பது வருஷமாக அவர் தலைநிமிர்ந்து நடந்தது இந்த ஒரு விஷயத்தால்தான். மனைவி அட்டைச் சதுரங்களைப் பொறுக்கி எடுத்துவைத்தாள்.

மதியம் மகள் கூப்பிட்டாள். சமையலறையில் மனைவி பேசுவது அவர் காதில் விழுந்தது. "அப்பாவா? இங்கதான் இருக்காரு, குடுக்கட்டுமா?" கொஞ்சம் இடைவெளி. "சரிம்மா, அப்புறமாப் பேசிக்கலாம்." குழந்தை பிறந்த பிறகும் இந்த அப்புறம் வராது என்று அவருக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரமே மூன்றாவது கார்டுக்கு எழுதிப் போட்டார். கார்டு வந்த சமயம் அவர் ஒரு பல் டாக்டரம்மாவின் புது கிளினிக்குக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். மாடியும் கீழுமாகப் பெரிய தரை. கேட்டுவிடலாம் என்று இரண்டு நாள் வாயைத் திறந்து திறந்து மூடினார். மூன்றாம் நாள், பல்லில்தான் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று நினைத்து டாக்டரம்மாவே அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

"பல்லு நல்லா இருக்கு டாக்டரம்மா. ஒரு உதவி கேக்கணும், கேட்டுப் பழக்கமில்ல" என்று ஆரம்பித்தவர், மகள், டிக்கெட், பொய், எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டாக்டரம்மா கடைக்குக் கூடவே வரவேண்டும், பில் அவள் பெயரில் இருக்க வேண்டும், அவர் கார்டைத் தேய்த்த கையோடு அவள் அந்தத் தொகையை அவர் கணக்குக்கு அனுப்ப வேண்டும், விலையில் சந்தேகம் இருந்தால் வேறு கடையில் விசாரித்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் அவர் கேட்டது. அவள் கேட்டுவிட்டு, நாளைக்குப் பத்து மணிக்குப் போகலாம் என்றாள்.

கடையில்தான் வேடிக்கை. கார்டை நீட்டியதும் கடைக்காரர் பதறிப்போய் அவரைத் தனியாக ஓரங்கட்டப் பார்த்தார். அவர் நகரவில்லை.

"கார்டுன்னா மேஸ்திரிக்குன்னு ஒதுக்கற கமிஷனை ஒதுக்க முடியாதுங்க" என்று கடைக்காரர் மென்று விழுங்கினார்.

"இதுவரைக்கும் எனக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க? அம்மா கேக்கட்டும், சொல்லுங்க."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி, பதினைந்து வருஷமாக இந்த மனிதருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கக்கூடத் தன்னால் முடியவில்லை என்று மூக்கால் அழுதார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே பணத்தை அனுப்பினாள். அன்று மாலையே மனைவி அதை அப்படியே கார்டுக்குக் கட்டிவிட்டு வந்தாள். அந்த ஒரு பில்லோடு கார்டுக்காரன் சொன்ன தொகை நிறைந்துவிட்டது.

மூன்று மாதம் முடிந்து பாயிண்ட் வந்து சேர ஒரு வாரம் இழுத்தது. அந்த வாரம் கணவனும் மனைவியும் தினமும் விமானத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். நான்கு இடம் மூன்றாயிற்று, ஒன்றாயிற்று. வியாழக்கிழமை காலை பாயிண்ட் வந்ததும் நூலகத்திலிருந்தே மனைவி அந்த ஒன்றைப் பிடித்துவிட்டாள். அதே விமானத்தில் தனக்குக் காசு கொடுத்து இன்னொன்றும் வாங்கினாள். அவள் போனில் சொன்னபோது ரசமட்டம் கிளினிக் மாடியில் முழங்காலிட்டிருந்தார்.

கை கழுவிவிட்டு, மகளுக்கு அவரே கூப்பிட்டார்.

"அம்மாவோட நானும் வரேன்மா."

"பெரிய வேலை இருக்குன்னீங்களே?" என்றாள் மகள். குரலில் இன்னும் முள் இருந்தது.

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு இருந்துச்சு. உங்கிட்ட சொல்ல வாய் வரல."

மகள் அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "என்னப்பா நீங்க. வயித்துல இருக்கறதுகிட்ட தினமும் உங்களைத் திட்டிக்கிட்டே இருந்தேன். இப்ப எல்லாத்தையும் மாத்திச் சொல்லணும்."

"நீ ஒண்ணும் மாத்த வேண்டாம்" என்றார் ரசமட்டம். "நான் நேர்ல வந்து பேசிக்கறேன்."