மூன்றாம் மாடிப் பதிவு

"எதையும் அழிச்சிராத வேலு. அப்படியே நிறுத்து."

சங்கரகணேஷ் கொல்லைப்புறத்துத் துவைகல்லருகே நின்று போனில் பதறினான். இடுப்பில் ஈர வேட்டி. முன்கட்டில் அவன் அப்பா சிவராமலிங்கம் நேற்று மத்தியானத்திலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். நீர்மாலை எடுக்கச் சங்கு ஊதுகிறவர் வந்தாயிற்று. தண்ணீர் எடுக்க வேண்டிய பிள்ளையைத்தான் காணவில்லை.

"மூணாவது மாடியோட அரைகுறைப் பதிவ எல்லாம் அழிக்கச் சொன்னது நீங்கதான அண்ணாச்சி? பாதி போயிட்டு," என்றான் வேல்ராஜ், மதுரை ஆபீஸ் போனிலிருந்து.

கணேஷ் போனை இன்னும் காதோடு அழுத்தினான். "மிச்சத்துல அப்பா நம்பரத் தேடு. நேத்து காலைல."

மதுரையில் ஒரு கால் சென்டரில் அவனுக்கு வேலை. ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்று ஊரெல்லாம் கூப்பிட்டு அழுகிற இடம். மூன்று மாடி, மாடிக்கொரு தனி நெட்வொர்க். மூன்றிலும் ஓடுகிற பேச்சைப் பிரதியெடுத்து ஓரிடத்தில் பதிவாக்குவது அவன் பொறுப்பு. புதிதாகத் திறந்த மூன்றாம் மாடி மட்டும் மக்கர் செய்தது. கூப்பிடுகிறவர் குரல் பதிவில் விழும். பதில் சொல்கிற பெண்ணின் குரல் விழாது. நேற்றுக் காலை முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டினான். உள்ளே செல்போன் கூடாது. வாசலிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும்.

அப்பாவுக்கு அதெல்லாம் ஒரு தடையா? பத்திர ஆபீசில் காலந்தள்ளியவர். கதவு அடைத்திருந்தால் ஜன்னல் எங்கே என்று தெரியும். மகன் எடுக்காவிட்டால் கம்பெனியின் புகார் எண்ணுக்கே அடித்து, "கணேஷ வீட்டுக்கு ஒரு போன் போடச் சொல்லும்மா" என்பார். போன மாதம் மேலாளர் கூப்பிட்டுக் கண்டித்த பிறகு கணேஷ் சீறிவிட்டான்.

"நீங்க பேசுதது அத்தனையும் பதிவாகுதுப்பா. ஹோல்டுல போட்டாக்கூட உங்க குரல் விழும். இனிமே அங்க எம்பேரச் சொல்லாதிய."

"ஹோல்டுலகூடயா?" என்று மட்டும் கேட்டார் அப்பா.

இப்போது அவருடைய போன் கணேஷின் இடது கையில் இருந்தது. நேற்றுக் காலை அவன் எண்ணுக்கே திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார். கடைசி அழைப்பு புகார் எண்ணுக்கு. அதன்பிறகு ஒன்றுமில்லை. அம்மா கோயிலிலிருந்து வந்து பார்த்தபோது நாற்காலியில் சாய்ந்திருந்தார், அவ்வளவுதான்.

அம்மா காந்திமதியம்மாள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏலே கணேசா, எல்லாரும் காத்துக் கெடக்காவ." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் எம்போன வீட்டுலயே போட்டுட்டுப் போயிட்டேன். ஒங்கப்பா ஒனக்காவது போன் போட்டாவளா?"

"பாக்கேம்மா," என்றான். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

வேல்ராஜ் திரும்பக் கூப்பிட்டான். "கெடச்சிட்டு அண்ணாச்சி. மூணாவது மாடிதான். உங்க அப்பா குரல் மட்டும் இருக்கு. அனுப்பியிருக்கேன்… தனியா இருக்கும்போது கேளுங்க."

தனியாக இருக்க நேரம் ஏது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று காதில் வைத்தான்.

"ஆமாம்மா, சிவராமலிங்கம். சங்கரன்கோவில்." ஒரு வெறுமை, அந்தப் பெண் பேசிய இடம். "ஃப்ரிட்ஜுதாம்மா. ராத்திரியிலேருந்து சத்தம் போடுது." மறுபடி வெறுமை. "ஹோல்டா? தாராளமா போடும்மா."

மூச்சு வாங்கும் ஒலி கேட்டது. பிறகு அப்பா, பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல மெதுவாகப் பேசினார்.

"கணேசா, நாந்தாம்ல. அந்தப் பிள்ளகிட்ட ஒன் பேரச் சொல்லல. நெஞ்சு அடைக்க மாதிரி இருக்கு. அம்மையும் இல்ல. நீ எப்படியும் கேட்டுட்டுதான இருப்ப. ஒரு போன் போடு." மூச்சு. "ஆங், சொல்லும்மா. நாளைக்கா ஆளு வரும்? வரட்டும், அவசரமில்ல. ரொம்ப நன்றிம்மா."

எல்லாப் பேச்சையும் மகன் அந்தந்த நேரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்திருக்கிறார். ஆயிரக்கணக்கில் வரும் அழைப்பில் ஒன்றைக்கூட யாரும் உடனே கேட்பதில்லை என்பதை அவன் சொன்னதே இல்லை. அந்த நேரத்தில் அவன் திரைமுன்தான் இருந்தான். மூன்றாம் மாடியின் ஒவ்வொரு அழைப்புக்கும் மேலே கூப்பிடுகிறவர் குரலுக்கு ஒரு பச்சைக் கோடு துடித்தது, பதில் சொல்கிறவளின் கீழ்க்கோடு காலி. கீழ்க்கோட்டையே பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான். மேலே துடித்ததில் ஒன்று அப்பா. அவனுக்கு அந்தத் துவைகல்லில் தலையை மோதிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

சங்கு ஊதினார்கள். நீர்மாலைக்குப் போனதும் குடத்தைச் சுமந்ததும் கொள்ளி வைத்ததும் எல்லாம் உடம்புதான் செய்தது.

மயானத்திலிருந்து திரும்பிக் குளித்து, மொட்டைத் தலையோடு பட்டாசாலைக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் பைக் நின்றது. தோளில் கருவிப்பை, சட்டையில் கம்பெனி முத்திரை, அதன்கீழ் சுடலைராஜ் என்று பெயர்.

"சிவராமலிங்கம் சார் வீடுதான? ஃப்ரிட்ஜ் சத்தம் போடுதுன்னு கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்காவ," என்றவன், கழுவிவிட்ட வாசலையும் மொட்டைத் தலையையும் பார்த்துக் குரலை இறக்கினான். "தெரியாம வந்துட்டேன் அண்ணாச்சி. பொறவு வாரேன்."

உள்ளே மூலையிலிருந்து அம்மா சொன்னாள்: "ஃப்ரிட்ஜுக்கு என்ன கேடு? நல்லாத்தான ஓடுது. ஒங்கப்பா எதுக்குப் பொய்யா…"

"பொய் இல்லம்மா," என்றான் கணேஷ். "சத்தம் இருந்திருக்கு." எழுந்து வழிவிட்டான். "வாங்க, பாருங்க."

சுடலைராஜ் அடுப்படிக்குப் போய்க் குத்துக்காலிட்டு, ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் காதை வைத்தான். "ஒண்ணும் கேக்கலியே அண்ணாச்சி."

"கொஞ்ச நேரம் கேளுங்க."

கணேஷும் பக்கத்தில் உட்கார்ந்து கதவில் காதை வைத்தான். சுடலைராஜ் அவன் முகத்தைப் பார்த்தான், எழுந்திருக்கவில்லை. அம்மா அடுப்படி வாசற்படியில் வந்து கொஞ்ச நேரம் மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய், பட்டாசாலையில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினாள்.