ஜோன் மேஜருக்குத் தலையாட்டிய சம்பந்தி

1997ஆம் ஆண்டு சித்திரை மாதம் முழுக்க சில்வெஸ்டர் வீட்டில் ஒரேயொரு சட்டம்தான் அமுலில் இருந்தது. பிரித்தானியப் பிரதமர் ஜோன் மேஜரைப் பற்றி அவர் வாய் திறக்கக் கூடாது. சட்டத்தைப் போட்டவள் மகள் லிசா. காவலுக்கு நின்றவர் மனைவி கொறற்றி.

மனிதருக்கு இது லேசான தண்டனை இல்லை. பிராங்பேர்ட் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் ஏறித் துப்புரவு செய்வது அவருடைய வேலை. லண்டன் விமானம் வந்தால், பயணிகள் இருக்கையில் விட்டுப்போன ஆங்கிலப் பத்திரிகைகளை வாரி எடுத்துக்கொண்டு, எஸ்-பான் ரயிலில் வீடு வந்து சேரும்வரை வாசிப்பார். வாசித்ததை வயிற்றுக்குள் வைத்திருக்கத் தெரியாது. மே முதலாம் திகதி அங்கே தேர்தல். பதினெட்டு வருடம் ஆண்ட மேஜரின் கொன்சவேற்றிவ் கட்சி இந்த முறை மண் கவ்வப் போகிறது என்று தமிழ்ப் பூசை வைக்க வந்த சுவாமியாருக்கும் சொன்னார், மாடிப்படியில் எதிர்ப்பட்ட ஜெர்மன் கிழவிக்கும் சொன்னார். அவர்கள் கேட்டார்களா இல்லையா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

இப்படிப்பட்டவரின் வாய்க்குப் பூட்டுப் போட வைத்தவன் கொட்வின். பாரிஸில் ஒரு கல்யாண வீட்டில் லிசாவும் அவனும் சந்தித்து, மனம் ஒத்துப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. லண்டனில் வளர்ந்த மன்னார்ப் பொடியன், கத்தோலிக்கக் குடும்பம், நல்ல வேலை. தகப்பன் மரியரட்ணம்தான் கொஞ்சம் கடுமையான ஆள். அங்கே கடை வைத்திருக்கிறார். கடைக் கண்ணாடியில் கொன்சவேற்றிவ் கட்சியின் சுவரொட்டியை ஒட்டி வைத்திருக்கிறார். பெண் வீட்டாரோடு நேரில் இருந்து கதைத்து, மனதுக்குப் பிடித்தால்தான் மோதிரம் என்று சொல்லிவிட்டார். "அப்பாவுக்கு முன்னால மேஜரைக் குறை சொல்லிப்போடாதேங்கோ, நாங்களே சொல்லுறேல்லை" என்று கொட்வின் லிசாவிடம் முன்கூட்டியே எச்சரித்திருந்தான்.

"அப்பா, ஒரு நாள்தானே. எனக்காக" என்றாள் லிசா. பல் வைத்தியரிடம் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, சொந்தக் காலில் நிற்கிற பெண். தகப்பனிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். சில்வெஸ்டருக்குக் கருத்துகள் ஆயிரம் இருந்தன, மகள் ஒருத்திதான். சரி என்றுவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் மரியரட்ணமும் மனைவி அன்ரனிற்றாவும் கொட்வினும் வந்து இறங்கினார்கள். தேத்தண்ணீரும் றோல்ஸும் வந்தன. பெண்கள் குசினிக்குப் போனதும் மரியரட்ணம் கால்மேல் கால் போட்டுக்கொண்டு தொடங்கினார்.

"மேஜரைப் பாருங்கோ சில்வெஸ்டர். பதினாறு வயசில பள்ளிக்கூடத்தை விட்ட மனிசன். லண்டனில பிரிக்ஸ்ரன் பக்கம் கஷ்டப்பட்டு வளர்ந்தவர். பிரதமரா வந்திட்டார். அந்நிய மண்ணில பாடுபடுற எங்களுக்கு இதை விட என்ன வேணும்?"

"ஓம் அண்ணை." இந்த ஓம் உண்மையான ஓம். சில்வெஸ்டருக்கும் மேஜர்மேல் தனிப்பட்ட கோபம் கிடையாது.

"கட்சிக்குள்ள சண்டை எண்டுறதெல்லாம் பேப்பர்காரர் ஊதிப் பெருப்பிக்கிற கதை."

ஐரோப்பாவை வைத்து அந்தக் கட்சி இரண்டாகப் பிளந்து நிற்பதை, அந்தக் கட்சிக்காரர்களே சொன்னதாகப் பத்திரிகையில் வாசித்தவர் சில்வெஸ்டர். ஒரு றோல்ஸை முழுசாக வாய்க்குள் தள்ளினார். "ஓம் அண்ணை" என்று றோல்ஸுக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

"இங்கிலாந்து மாட்டிறைச்சியில விசர்மாட்டு நோய் ஒண்டும் இல்லை. ஐரோப்பாக்காரருக்கு எரிச்சல். வேண்டாமெண்டு நிப்பாட்டி வைச்சிருக்கினம்."

"ஓம் அண்ணை."

கொட்வின் பக்கத்தில் இருந்து, தகப்பன் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஆட்டி ஆட்டிப் பழகிய தலை என்பது பார்த்த உடனேயே தெரிந்தது.

மரியரட்ணம் சற்று நேரம் சில்வெஸ்டரையே பார்த்தார். பிறகு, "தொண்ணூற்றிரண்டிலயும் கருத்துக்கணிப்பு எல்லாம் மேஜர் தோப்பார் எண்டுதானே சொன்னது? வெண்டார். இந்த முறை அதை விட நூறு சீற்று கூட எடுப்பார்" என்றார்.

கொட்வின்கூட தலையாட்ட மறந்து முகட்டைப் பார்த்தான்.

"நூறென்ன அண்ணை, அதுக்கு மேலயும் வரும்" என்றார் சில்வெஸ்டர்.

தன் வாழ்க்கையிலேயே இவ்வளவு அழகாக ஒரு பொய்யைச் சொன்னதில்லை என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. மரியரட்ணமோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, காற்று வாங்க வேண்டும் என்று பல்கனிக்கு எழுந்து போனார். சில்வெஸ்டர் குசினிக்குள் ஓடினார், மெச்சுவார்கள் என்ற நினைப்பில். கொறற்றியும் லிசாவும் மெச்சத்தான் செய்தார்கள். அதற்குள், பல்கனிக்குப் போய்ப் புருஷனோடு கதைத்துவிட்டு வந்த அன்ரனிற்றா கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். அவர் முகம் சரியில்லை.

"குறை நினையாதேங்கோ. இவருக்கு மனம் ஒப்பேல்லையாம். நூறு சீற்று எண்டது சும்மா விட்டுப் பாத்தவராம். மேஜர்கூட அதை நம்பமாட்டாராம். அதுக்கும் ஓம் போடுற மனிசன் பொம்பிளையில எதை மறைக்கிறாரோ தெரியாது எண்டு சொல்லுறார். சாப்பிட்டிட்டு வெளிக்கிடுவமாம்."

கொறற்றி சிலுவை அடையாளம் போட்டார். லிசா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தகப்பனின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, போய்க் கதையுங்கோ."

"என்னத்தைப் பிள்ளை?"

"உங்கட வாயில வாறது எல்லாத்தையும்."

சில்வெஸ்டர் நேரே பல்கனிக்குப் போனார். "அண்ணை, மேஜர் தோக்கப் போறார்" என்றார். "சும்மா தோல்வியில்லை. படுதோல்வி. உங்கட கட்சி கனகாலத்துக்கு எழும்பாது. அவர் நல்ல மனிசன்தான். ஆனா கூட இருக்கிறவையே குழி பறிச்சா ஒரு மனிசன் என்ன செய்யிறது? நூறு சீற்று எண்டு நான் சொன்னது பச்சைப் பொய். மகளுக்காகச் சொன்னனான்."

மரியரட்ணத்தின் முகம் சிவந்தது. "அப்ப தொண்ணூற்றிரண்டு?"

"தொண்ணூற்றிரண்டில என்ர கணிப்பும்தான் பிழைச்சது. அப்ப சனம் பயந்து போய் உங்களுக்குப் போட்டது. இப்ப சனம் அலுத்துப் போச்சு. பயந்தவன் மாறுவான் அண்ணை, அலுத்தவன் மாறமாட்டான்."

"ஆர் சொன்னது?"

பிறகு என்ன, இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள், சத்தம் போட்டுக்கொண்டே மேசையில் இருந்தார்கள். வரியைப் பற்றிச் சண்டை, ஐரோப்பாவைப் பற்றிச் சண்டை, வட்டி வீதத்தைப் பற்றிச் சண்டை. மரியரட்ணம் மேசையில் தட்டியபோது சொதி தளம்பியது. கொறற்றி பயந்து பயந்து இறைச்சிக் கறியை நீட்டினார்.

"போடுங்கோ அண்ணை, இது ஜெர்மன் மாடு. பயமில்லாமச் சாப்பிடலாம்" என்றார் சில்வெஸ்டர்.

மரியரட்ணம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடிய வெகுநேரம் பிடித்தது. முடிந்ததும் குரல் இறங்கிப் போயிருந்தது.

"எனக்குத் தெரியாதே தோப்பார் எண்டு? கடைக்கு வாற வெள்ளைக்காரர் முந்தி அந்தப் போஸ்டரைப் பாத்திட்டுச் சண்டைக்கு வருவாங்கள். இப்ப ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லை. பாவம் எண்டு சிரிச்சுப்போட்டுப் போறாங்கள். வீட்டிலயும் எல்லாருக்கும் நான் சொல்லுறது சரிதான். இண்டைக்குத்தான் சில்வெஸ்டர் எனக்கு வாய்நிறையச் சண்டை கிடைச்சிருக்கு."

சில்வெஸ்டருக்கு அவர்மேல் திடீரென்று பெரிய பாசம் வந்தது. இவ்வளவு நல்ல எதிரியை இத்தனை நாளாய் எங்கே வைத்திருந்தாய் என்று கடவுளிடமே கேட்கலாம் போலிருந்தது.

"மேஜரை விடுங்கோ. என்ர மகனைப் பற்றி என்ன நினைக்கிறியள்? அதையும் உண்மையாச் சொல்லுங்கோ" என்றார் மரியரட்ணம்.

கொறற்றி மேசைக்குக் கீழே சில்வெஸ்டரின் காலை மிதித்தார். பலனில்லை. இன்றைக்கு இந்த வாயை இனி மூட ஏலாது.

"தங்கமான பொடியன். லிசாவில உயிர். ஆனா அண்ணை, உங்களுக்குப் பயந்து பயந்து தலையாட்டுறான். அது எனக்குப் பிடிக்கேல்லை. என்ர பிள்ளைக்குத் தலையாட்டுறவன் வேண்டாம், தன்ர மனசில உள்ளதைச் சொல்லுறவன் வேணும்."

கொட்வின் தண்ணீர் குடித்தான். கிளாஸை வைத்தான். குசினி வாசலில் நின்ற லிசாவைப் பார்த்தான். பிறகு தகப்பனைப் பார்த்தான்.

"அப்பா, நான் இந்த முறை மேஜருக்கில்லை, எதிர்க்கட்சி லேபருக்குத்தான் போடப்போறன்."

மரியரட்ணம் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அன்ரனிற்றா சோற்றைப் பிசைந்துகொண்டே, "நானும்தான்" என்றார்.

மரியரட்ணம் கையில் இருந்த சோற்றைத் தட்டில் வைத்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு, எதிரே இருந்த சில்வெஸ்டரின் தோளில் இடது கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"பாத்தியளே சம்பந்தி, கணிப்பு என்ர வீட்டுக்குள்ளயே சரியா வந்திட்டுது."

சம்பந்தி என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் லிசா கையில் இருந்த பப்படத் தட்டை அப்படியே கொட்வினின் மடியில் வைத்துவிட்டு, ஓடிவந்து தகப்பனைக் கட்டிக்கொண்டாள்.