மூலைக்கு மூலை அளக்காத ஷெட்

பிளான் மாமாவுக்கு அந்தப் பெயரை வைத்தது அவருடைய மைத்துனன். எதற்கும் ஒரு திட்டம் வைத்திருப்பார், எந்தத் திட்டமும் கரை சேராது என்பதால் வந்த பெயர். மாமாவுக்கு அதில் கோபம் கிடையாது. "பேர் வெச்சவன் சரியாத்தான் வெச்சிருக்கான்" என்று தானே முந்திக்கொண்டு சிரிப்பார். அடுத்தவன் சிரிப்பதற்குள் நாம் சிரித்துவிட்டால் வலி பாதியாகக் குறையும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட வைத்தியம்.

அவர் வேலை பார்த்த இன்சூரன்ஸ் கிளையை இழுத்து மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டோடு இருந்தார். குடும்பம் ஓடியது மனைவியின் மோட்டார் வைண்டிங்கில். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய காயிலை உருவி எறிந்து, புதுச் செப்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பாள். அவள் கை பட்ட மோட்டார் லேசில் திரும்பி வராது. தொழிற்கூடம் என்று தனியாக ஒன்றும் இல்லை, வீட்டுக் கூடம்தான். சோபாவில் மனிதர்கள் உட்கார்ந்து எத்தனையோ நாளாகிவிட்டது, மோட்டார்கள்தான் உட்கார்ந்திருந்தன. சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவும் கிரீஸ் டப்பாவும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டி நிற்கும். ஒருநாள் காலையில் மாமா ரொட்டியில் எதைத் தடவிக்கொண்டார் என்பதை இங்கே விவரிக்க வேண்டாம். அதையும் அவரே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

மோட்டார் கொண்டுவருகிறவர்கள் மோட்டாரை மட்டும் இறக்கிவிட்டுப் போகமாட்டார்கள். "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்று ஒரு கேள்வியையும் இறக்கிவைப்பார்கள்.

"வீட்லதான் இருக்காரு" என்பாள் மனைவி, கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் குத்தலாகச் சொல்வதில்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் உள்ளறையில் இருக்கும் மாமாவுக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கும். "ஃபிரிட்ஜும்தான் வீட்ல இருக்கு. அதையாவது அப்பப்போ திறந்து பாக்கறாங்க" என்று தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு மட்டும் வலியைப் பாதியாக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை மாற்ற வேண்டும், அவள் வாயாலேயே மாற்ற வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே உண்மையான ஆசை.

அப்போதுதான் நூற்பாலையிலிருந்து அழைப்பு வந்தது. ஆலையின் மோட்டார்கள் அத்தனையையும் அவளிடமே கொடுக்கத் தயார். ஆனால் சோபாவில் வைத்துச் சுற்றுகிற கதையெல்லாம் நடக்காது, தனி ஷெட் வேண்டும், மழை தொடங்கும் முன் மேலாளரே வந்து பார்ப்பார் என்றார்கள். கொத்தனாரைக் கேட்டால், அஸ்திவாரம் தோண்டிச் சுவர் எழுப்பி முடிக்க மழைக்காலமே முடிந்துவிடும் என்று கையை விரித்தார். மனைவி அன்று சாப்பாட்டைத் தட்டில் அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மாமா தொண்டையைச் செருமினார். கூடச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மைத்துனன் உடனே தண்ணீர் டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவைத்தான். திட்டம் வரப்போகிறது என்று அவனுக்குத் தெரியும்.

"தூண் ஷெட் போடலாம்" என்றார் மாமா.

வீட்டில் சும்மா இருந்த காலத்தில் அவர் அதைப் பற்றிப் பார்க்காத வீடியோ இல்லை. மடை திறந்தது. "இதுக்கு அஸ்திவாரமே வேணாம். ஆழமாக் குழி தோண்டி, அடியில ஜல்லி போட்டு, தாரு பூசின மரத்தூணை நட்டு, கான்கிரீட் ஊத்திட்டா முடிஞ்சது. கூரை பாரம் முழுக்கத் தூண்ல இறங்கி நேரா மண்ணுக்குப் போயிடும். சுவரு எதையுமே தாங்காது, சும்மா தகரம்தான். வேணும்னா மாட்டலாம், வேணாம்னா கழட்டலாம். நடுவுல ஒரு தூண் கிடையாது. மோட்டாரை வண்டியோட உள்ள கொண்டாந்து இறக்கலாம். நாளைக்கே தொழில் பெருசாச்சுன்னா ரெண்டு தூணை நட்டு நீட்டிக்கலாம். தொழில் படுத்துச்சுன்னா..."

"மாமா, அங்கயே நிறுத்திக்குங்க" என்றான் மைத்துனன்.

மனைவி கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மாட்டிய அலமாரி விழுந்த சத்தம் அவள் காதில் இன்னும் இருந்தது. அவர் சரிசெய்த அழைப்பு மணி, மின்விசிறியைப் போட்டால் அடிக்கும். இருந்தாலும் வேறு வழி இல்லை, அதைவிட முக்கியமாக, அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. "சரி, நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டாள்.

மாமா அன்றே கொல்லையில் இறங்கிவிட்டார். மைத்துனன் லாரி ஓட்டுகிறவன், ஓய்வு நாளில் ஒத்தாசைக்கு வந்தான். குழி தோண்டும்போது மாமா அவனுக்குப் பாடம் எடுத்தார். "நாலு பக்கமும் சரியா இருந்தாப் போதாது மச்சான். மூலைக்கு மூலை குறுக்கால அளக்கணும். ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருந்தாத்தான் சதுரம் நேரா இருக்கும். இல்லைன்னா நசுங்கின தீப்பெட்டி மாதிரி ஆயிடும். நிறைய பேர் இதுல கோட்டை விட்டுடறாங்க."

சொன்னார். சத்தியமாகச் சொன்னார். சொன்ன திருப்தியில் அளக்க மறந்துவிட்டார்.

அவர் செய்தது இவ்வளவுதான். ஒரு வரிசைத் தூண்களை மதில் சுவருக்கு இணையாகக் கயிறு கட்டி நட்டார். பக்கவாட்டு வரிசையை வீட்டுச் சுவருக்கு இணையாக நட்டார். வீட்டுச் சுவரும் மதிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகத்தானே இருக்கும் என்று நம்பினார். அந்த வீட்டைக் கட்டியவரும் அவரைப் போலவே ஒரு பிளான் மாமாவாக இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு தூணுக்கும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், ரசமட்டம் வைத்துப் பார்த்தார், எதிலும் ஒரு குறை இல்லை. கான்கிரீட் கல்லாக இறுகியது.

கூரைக்கு முதல் ஷீட்டை ஏற்றும்போது குட்டு உடைந்தது. கீழ்மூலையில் ஓரத்தோடு ஒட்டி உட்கார்ந்த ஷீட், மேலே போகப் போக விலகி, உச்சியில் ஒரு சாண் தள்ளி நின்றது. ஷீட்டுதான் கோணல் என்று கடைக்காரரைத் திட்டினார். இன்னொன்றை வைத்தார். அதுவும் அதே மாதிரி அதே பக்கம் விலகியது. கீழே இறங்கி, டேப்பை மூலைக்கு மூலை பிடித்தார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமே நிஜமாகக் கோணல், கட்டியவருக்கு ஆடவும் தெரியாது. மாமா டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். இந்த முறை முந்திக்கொண்டு சிரிக்க வாய் வரவில்லை.

"என்ன மாமா, கூரை ஒரு தினுசா இருக்கு?" என்றான் ஏணியில் நின்ற மைத்துனன்.

"அது காத்துக்காக. நேரா இருந்தா காத்து மோதும். இப்படி இருந்தா வழுக்கிட்டுப் போயிடும்."

மைத்துனன் நம்பிவிட்டான், பாவம். துருத்திய ஓரங்களை வெட்டி, மேலே மடிப்புத் தகரம் அடித்து, மாமா கூரையை ஒப்பேற்றினார். சுவருக்கும் தகரம் அறைந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் அழகான ஷெட்தான். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டும் அவருக்குக் கசப்பு மருந்தாக இறங்கியது.

கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். மாமா கெட்டிக்காரரும் இல்லை. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போகிற சங்கிலிக் கப்பிக்கான இரும்புச் சட்டத்தை மனைவி வாசலிலிருந்து பக்கச் சுவருக்கு இணையாக மாட்டச் சொன்னாள். மாட்டினார்கள். அதன் கடைசியில், பின்சுவரை ஒட்டி அவளுடைய நீள வேலை மேஜையைப் போட்டார்கள். மேஜை கப்பிக்குக் குறுக்கே சாய்ந்து நின்றது. மேஜையைச் சுவரோடு ஒட்டினால் கப்பி பாதி மேஜைக்குத்தான் எட்டியது. கப்பிக்குத் தோதாகத் திருப்பினால் மேஜைக்கும் சுவருக்கும் நடுவே ஆள் விழுகிற சந்து. இரண்டு நாளில் மேலாளர் வருகிறார். மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

மனைவி கூடத்துக்குப் போய்க் கம்பி சுற்ற உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட மாமா தாங்கியிருப்பார். பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றார்.

"மூலைக்கு மூலை அளக்கலை" என்றார். "காத்துக்காகன்னு சொன்னதெல்லாம் புளுகு. ஷெட்டே கோணல். தூணைப் பிடுங்கவும் முடியாது."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"நீங்க மண்ணுல உக்காந்திருந்தீங்களே, அன்னிக்கே. ஜன்னல் வழியாப் பாத்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா அத்தோட விட்டுட்டு உள்ள வந்து படுத்திருப்பீங்க. இதுவரைக்கும் எல்லாத்தையும் அப்படித்தானே விட்டீங்க. கூரையாவது முடியட்டும்னு இருந்தேன்."

மாமா வழக்கம்போல் தன்னையே கிண்டல் செய்து தப்பிக்கப் பார்த்தார். "நான்தான் சொன்னேனே, சுவரு எதையும் தாங்காதுன்னு. இந்த வீட்டுக்குத் தூண் நீ. நான் தகரம். சும்மா மாட்டி வெச்சிருக்கு."

மனைவி முதல்முறையாகக் கம்பியைக் கீழே வைத்தாள். "தகரம் இல்லாம மழையில என் காயில் நனைஞ்சா யார் பதில் சொல்றது? தாங்கறது மட்டும்தான் வேலையா? சாரல் உள்ள வராம நிக்கறதும் வேலைதான்." பிறகு குரல் இறங்கியது. "சுவரு எதையும் தாங்காதுன்னா, கழட்டி நேரா மாட்டலாம்ல?"

மாமா அவளை வெறித்துப் பார்த்தார். ஊரெல்லாம் முழங்கிய ஷெட்டின் மகிமையைத் தானே மறந்துபோனதற்குத் தன் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினார்.

பின்சுவர்த் தகரத்தை முழுக்கக் கழற்றினார். தூண்களைத் தொடவே இல்லை, கூரையும் அசையவில்லை. உள்ளே, கப்பிக்குச் செங்குத்தாகப் புதிதாகச் சட்டம் அடித்து, தகரத்தை அதில் மாட்டினார். மூலைமட்டம் வைத்தார், மூலைக்கு மூலை அளந்தார், அளந்ததையே மறுபடி அளந்தார். மைத்துனன் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக் கை வலிக்கிறது என்று கெஞ்சும்வரை விடவில்லை. மேஜை கப்பிக்கு நேர் கீழே போய், சுவரோடு ஒட்டி நின்றது.

பழைய தூண்களுக்கும் புதுச் சுவருக்கும் நடுவே, கூரைக்கு அடியில், ஒரு முக்கோணம் மிஞ்சியது. ஒரு பக்கம் நுழையவே முடியாது, மறுபக்கம் ஒரு நாற்காலி போடலாம். அகலமான பக்கத்தில் வழி விட்டு, மீந்த தகரத்தால் அதன் வெளிப்பக்கத்தையும் மூடி, மாமா தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். முக்கோணத்துக்கு மூலைக்கு மூலை அளக்கவே வழி இல்லை. தான் தப்பு செய்ய முடியாத ஒரே வடிவம் கிடைத்துவிட்டது என்று மைத்துனனிடம் பெருமையாகச் சொன்னார்.

மேலாளர் வந்த நேரம் மழையும் வந்தது. கூரையில் சடசடவென்று இறங்கியது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஆலையிலிருந்து கொண்டுவந்த பெரிய மோட்டாரைக் கப்பியில் மாட்டி மனைவி சங்கிலியை இழுத்தாள். மோட்டார் வாசலிலிருந்து மிதந்துபோய் மேஜையில் அலுங்காமல் உட்கார்ந்தது. மாமா முக்கோணத்தில், தகரத்துக்கு இந்தப் பக்கம், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இடம் நல்லா இருக்கும்மா. நாளையிலேர்ந்தே மோட்டாரை அனுப்பிடறேன்" என்றார் மேலாளர். மாமா மூச்சை விட்டார். அதற்குள் அந்தக் கேள்வி வந்தது.

"உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

மழைச் சத்தத்தில் பதில் காதில் விழாமல் போனாலும் பரவாயில்லை என்று நினைத்தார். ஆனால் தகரத்தில் காதை ஒட்டிக்கொண்டுதான் நினைத்தார்.

"ஷெட் போடறாரு" என்றாள் மனைவி. "இது அவர் போட்டதுதான்."

"அப்படியா! ஆனா வெளிய பின்பக்கம் கொஞ்சம் கோணலாத் தெரிஞ்சுதே?"

"ஆமா சார், கோணல்தான். முதல் ஷெட்டு. தப்பைக் கண்டுபிடிச்சு அவரே சரி பண்ணினாரு."

மாமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வார்னிஷ் நெடி என்று சொல்லலாம் என்றால், புது ஷெட்டில் இன்னும் யாரும் வார்னிஷ் டப்பாவைத் திறக்கவில்லை.

"ஆலையில பஞ்சு மூட்டை போட ஒரு ஷெட் வேணும். அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்" என்றார் மேலாளர்.

"ஏங்க, இங்க வாங்க" என்று மனைவி குரல் கொடுத்தாள்.

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். டேப் பையில் இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, முக்கோணத்தின் அகலமான பக்கமாக வெளியே வந்தார்.