காயக் கூடாத மேசை

அக்கா, இதைப் படித்ததும் போன் பண்ணாதே. மணி அடித்தால் அப்பா எழுந்துவிடுவார்.

அம்மாவை அடிக்க ஓங்கிய அப்பாவின் கையை மாமா எட்டிப் பிடித்தார் என்று சொன்னேனே, அதற்கப்புறம் அப்பா யார் மேலும் கை ஓங்கவில்லை. திருந்திவிட்டார் என்று அம்மா நம்பினாள். அவர் ஒரு மேசை செய்தார், அவ்வளவுதான். நம் வீட்டுக்கு, ஈட்டி மரத்தில்.

மாமாவுக்கு ஈட்டித் தூள் ஆகாது. நம் தச்சுப் பட்டறைக்கு அந்த மரம் வந்தாலே அவரை வேறு வேலைக்கு அனுப்புவதுதான் வழக்கம். இந்த மேசையைத் தேய்க்க மட்டும் அப்பா அவரையே கூப்பிட்டார்.

"வீட்டுச் சாமான், மச்சான். வெளியாளு கை படலாமா?"

மாமா உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அப்பா வார்னிஷ் அடித்தார். இரண்டு நாளாகியும் காயவில்லை. அப்பா கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். ரேகை அப்படியே பதிந்திருந்தது.

"உன்ன மாதிரியே இதுவும் ஒட்டிக்கிட்டு விடமாட்டேங்குது, மச்சான். சுரண்டிட்டு மறுபடி தேய்."

மறுபடியும் அதே வார்னிஷ். மறுபடியும் பிசுபிசுப்பு. மாமாவின் இமைகள் வீங்கி, கண் இருக்கும் இடம் தெரியவில்லை.

"அவனுக்கு மூச்சு முட்டுதுங்க," என்றாள் அம்மா.

"அப்ப பக்கத்துல உக்காந்து விசிறி விடு. தம்பிதான?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈட்டி எண்ணெய் கக்குகிற மரம், அந்த எண்ணெய் மேல் வார்னிஷ் காயாது. ஊரார் சாமான் என்றால் அப்பா முதலில் பெயிண்ட் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்து அதைத் துடைத்தெடுப்பார். எண்ணெய் திரும்ப மேலே வருவதற்குள் அரக்கு பாலீஷ் மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்து அடைப்பார். அதற்கு மேல்தான் வார்னிஷ். உனக்கும் எனக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். இந்த மேசைக்கு மட்டும் இரண்டையும் செய்யவில்லை. அப்பாவுக்கு அது காயவே கூடாது, அக்கா.

மாமாவிடம் சொன்னேன்.

"தெரியும் பாப்பா," என்றார். "நான் பொட்டியக் கட்டிட்டா அந்தக் கை எங்க போகும்னும் தெரியும்."

நேற்று முன்தினம் மாமா தேய்த்து முடித்துவிட்டுப் போய்ப் படுத்தார். அப்பா டெலிவரிக்குப் போயிருந்தார். நான் தின்னரால் துடைத்தேன். துணி செந்நிறமாகிற வரை துடைத்தேன். அரக்கு அடித்தேன். காய்ந்ததும், பளபளப்பு காட்டிக் கொடுக்காதபடி பழைய உப்புத்தாளால் மேலாக ஒரு தடவு தடவினேன். அப்பா வந்து, பாட்டுப் பாடிக்கொண்டே அதன் மேல் வார்னிஷ் அடித்தார்.

இன்று காலை கட்டைவிரலை வைத்தார். ஒட்டவில்லை. வேறு இடத்தில் வைத்தார். நகத்தால் கீறினார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. சிரித்தார்.

"கண்ணாடி மாதிரி இருக்கு. என் பொண்ணுன்னா சும்மாவா?"

உப்புத்தாள் கட்டை எடுத்து மாமா மடியில் போட்டார்.

"ஆனா எனக்கு இவ்ளோ மினுமினுப்பு புடிக்கல. எல்லாத்தையும் எடுத்துடு, மச்சான்."

இத்தனை நாளும் காயாத வார்னிஷ் சுரண்டும் தகட்டுக்குச் சுருள் சுருளாக வந்தது, தூள் கொஞ்சம்தான். இப்போது என் அரக்கின் மேல் அது கல்லாக இறுகிவிட்டது. சுரண்டினால் வரவில்லை. தேய்க்கத்தான் வேண்டும். தேய்க்கத் தேய்க்க மரத்தூளும் சேர்ந்து புகை மாதிரி எழும்பியது. மாமா மூக்கில் கட்டிய துணியை அப்பா அவிழ்த்து, தன் கையைத் துடைத்துக்கொண்டு பையில் வைத்துக்கொண்டார். என்னை எதிரில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார்.

"பாத்துக்க. நீ செஞ்ச வேலை."

மாமா ஒருமுறை தலையைத் தூக்கினார். உதடு நீலமாக இருந்தது.

"ஒரு எடத்துலகூட விட்டுப்போகல பாப்பா," என்றார். "நல்லா அடிச்சிருக்க."

பாதி மேசை முடிந்திருக்கிறது. மீதி நாளைக்காம். சுவருக்கு அந்தப் பக்கம் மாமாவின் மூச்சு விசில் மாதிரி கேட்கிறது. நடுவில் நின்று நின்று வருகிறது.

அத்தான் வண்டியை எடுத்துக்கொண்டு விடியுமுன் வா. வாசல் பக்கம் வேண்டாம். பட்டறைப் பின்கதவின் தாழ்ப்பாளை நான் போடவில்லை. அம்மாவை எழுப்பிவிட்டேன், அவளும் புடவைகளை எடுத்து வைத்துவிட்டாள். மாமா வரமாட்டேன் என்பார். கேட்காதே, தூக்கிக்கொண்டு போய்விடுவோம். நீ காலைப் பிடி, நான் தோளைப் பிடிக்கிறேன்.