மரம் அறுக்கிற காயில்

விடிவதற்கு முன்பே பாலச்சந்திரன் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்துவிட்டான். சனத்நகர் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் இருந்தது அந்த ஷெட். டிசம்பர் குளிரில் தகரச் சுவர் ஜில்லிட்டுக் கிடந்தது. அவன் முன்னால் மேஜைமேல் கான்கிரீட் அறுக்கும் செயின்சா. பார்ப்பதற்கு மரம் அறுக்கிற செயின்சா மாதிரியேதான் இருக்கும். சங்கிலியில் மட்டும் பல்லுக்குப் பதிலாக வைரத்தூள் பதித்த கட்டிகள். அறுக்கும்போது பீய்ச்சுகிற தண்ணீரும் சிமென்ட் தூளும் சேர்ந்து சாம்பல் நிறச் சேறாக வழியும். அன்றன்றைக்குக் கழுவாவிட்டால் கல்லாகிவிடும். இந்த இயந்திரத்தைப் பதினோரு நாளாக யாரும் கழுவவில்லை.

உளி முனையால் ஒவ்வொரு சில்லாகப் பெயர்த்தான். விரல் முட்டிகளில் ரத்தம் கசிந்தது. மண்ணெண்ணெய் பட்டு எரிந்தது. முன்கைப்பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தது. ஃபெலிக்ஸ் சுற்றியது. அதில் நான்கு விரல்கள் அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் உளி நின்றுவிட்டது. யாரோ முதுகுக்குப் பின்னால் நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்த்தான். காலியான ஷெட்தான்.

ஃபெலிக்ஸ் தூத்துக்குடிக்காரன். முப்பத்திரண்டு வயது. ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் சுவரில் வழி திறந்துகொண்டிருந்தபோது, செயின்சாவின் முனை சுவரின் மறுபக்கம் வெளியே வந்த நொடியில் சங்கிலி அறுந்து தொடையில் இறங்கியது. கீழே கொண்டு வருவதற்குள் உயிர் போய்விட்டது.

அதற்கு மூன்று வாரம் முன்னால் இந்த இயந்திரத்தின் காயில் எரிந்துபோனது. தீப்பொறி கொடுக்கிற காயில். ஒரிஜினல் வரப் பல வாரம் ஆகும் என்றார்கள். ஓனர் ஸ்ரீனிவாசன் எங்கிருந்தோ நான்கு காயில்கள் வாங்கி வந்து மேஜையில் போட்டார். "பாலா, இதைப் போட்டு ஓட்டு. அச்சு அசல் ஒண்ணுதான்." இரண்டு ஸ்க்ரூவும் சரியாகவே உட்கார்ந்தன. கிளப்பியபோது சத்தம் வழக்கத்தைவிடக் கீச்சென்று ஏறியது. பாலச்சந்திரனுக்கு அது காதில் விழாமல் இல்லை. தாத்தா காலத்திலேயே அரக்கோணத்திலிருந்து லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்புக்கு வந்த குடும்பம்; மூன்று தலைமுறையாக இயந்திரச் சத்தத்தில் பிழைத்தவர்கள். ஃபெலிக்ஸே கேட்டான்.

"என்னண்ணே, சத்தம் வேற மாதிரில்லா கேக்கு?"

"புதுக் காயில்டா. அப்படித்தான் இருக்கும். போ" என்றான் பாலச்சந்திரன். மற்ற மூன்று காயில்களையும் மற்ற மூன்று இயந்திரங்களில் போட்டுவிட்டான்.

அந்தக் கேள்விதான் பதினோரு நாளாக அவனைத் தூங்கவிடவில்லை. காலையில் மனைவி மைதிலி சட்னிக்கு மிக்ஸியைப் போட்டால் எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தான். "ஏன் இப்படி பண்றீங்க? என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள். மேட்டில் ஏறும் ஆட்டோ முறுக்கினாலும் அதே கீச்சுக்குரல். அதன் அடியில் தூத்துக்குடிப் பேச்சு.

சிலிண்டரைக் கழற்றினான். பிஸ்டனின் பக்கங்கள் நகத்தால் பிறாண்டியது போல் கிழிந்திருந்தன. உருகிய அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது. ஓடக்கூடாத வேகத்தில் ஓடிய இஞ்சின். அதைச் சொல்ல வேறு சாட்சி தேவையில்லை.

பிஸ்டனையும் காயிலையும் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு ராணிகஞ்ச் உதிரிபாகச் சந்தைக்குப் பஸ் ஏறினான். ஓனர் சொல்லியிருந்தார்: கிடைத்த சாமானைப் போட்டு, திங்கட்கிழமை இயந்திரம் சைட்டில் நிற்க வேண்டும்.

மூன்று கடை ஏறி இறங்கினான். ஒரு கடையில் கொடுத்த பிஸ்டன் விட்டத்தில் சரியாக இருந்தது. பின் கம்பி நுழையும் துளை அரை மில்லி பெரிசு. இன்னொன்றில் சிலிண்டர் கிடைத்தது. புகை வெளியேறும் வாய் இடம் மாறியிருந்தது. அதே இயந்திரம்தான், பழைய வார்ப்பு. நான்காவது வாஹித் பாயின் கடை. வாஹித் பாய் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பிஸ்டனின் அடிப்பாகத்தில் குத்தியிருந்த எண்ணை வாசித்துவிட்டு, பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். சிலிண்டரும் பிஸ்டனும் ரிங்கும் ஒரே செட். அளந்து பார்த்தார்கள். சரியாக இருந்தது.

"காயில் பாய்?"

பாலச்சந்திரன் நீட்டிய காயிலை அவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தக்கனியும் தெலுங்கும் அரைகுறைத் தமிழும் கலந்த பேச்சு அவருக்கு.

"இது மரம் அறுக்கறதோட காயில் மியான். ஸ்க்ரூ உட்காரும். ஆனா நக்கோ, போடக் கூடாது. கல் அறுக்கற மிஷினுக்கு நிமிஷத்துக்கு ஒன்பதாயிரம் சுத்து தாண்டினா, அதோட சொந்த காயில் தானே பொறியை நிறுத்திடும். இது நிறுத்தாது. பதிமூணு, பதினாலு வரைக்கும் போகும். வைரச் சங்கிலி தாங்குமா?" கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "எந்தப் புண்ணியவான் போட்டான் இதை?"

கடைக்குள் வேறு ஆளில்லை.

"நான்தான் பாய்."

வாஹித் பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். சாயா வரவழைத்தார். ஒரிஜினல் காயில் வர மூன்று வாரம் ஆகும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டின் கீழேயே, அவன் கேட்காமலே, இந்தக் காயில் இந்த இயந்திரத்துக்கு ஆகாது என்றும் எழுதிக் கடை முத்திரை குத்தினார்.

மறுநாள் விடியற்காலையிலேயே ஷெட்டைத் திறந்து, மற்ற மூன்று இயந்திரங்களிலும் இருந்த காயில்களைக் கழற்றினான். ஆறரை மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மொத்தம் ஒன்பது பேர். லட்சுமணன்தான் அவர்களில் மூத்த கட்டர், தர்மபுரிக்காரர். தாயம்மாள் தண்ணீர்க் குழாய் பிடிப்பவள். அன்றைக்கு ஃபெலிக்ஸுக்கும் அவள்தான் பிடித்திருந்தாள்.

"வண்டியில ஏத்தலாமா?" என்றார் லட்சுமணன்.

"ஏத்தாதீங்க" என்றான் பாலச்சந்திரன். நான்கு காயில்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்தான். சொல்ல வேண்டியதைச் சொன்னான். வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது. ஃபெலிக்ஸ் கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் சேர்த்துச் சொன்னான்.

லட்சுமணன் அவன் சட்டையைப் பிடித்துத் தகரச் சுவரோடு சாத்தினார். ஷெட்டே அதிர்ந்தது.

"தெரிஞ்சே எங்க கையில குடுத்தியாடா?"

"சந்தேகம் இருந்துச்சு. கேக்க பயந்தேன்."

லட்சுமணனின் முஷ்டி ஓங்கியபடியே நின்றது. தாயம்மாள் அந்தக் கையைப் பிடித்தாள்.

"உடு அண்ணா. நான் தண்ணி வுட்டுக்கினு இருந்தேன். தண்ணி செவப்பா திரும்பி வந்துச்சு. அதைப் பாத்தவ நான். இவன அடிக்கணும்னா மொதல்ல நான் அடிக்கணும்." சற்று நின்று மூச்சு வாங்கினாள். "இவன் பண்ணது தப்புதான். ஆனா இன்னிக்கு வாயத் தொறந்திருக்கான். கேப்போம்."

"இன்னொண்ணும் இருக்கு" என்றான் பாலச்சந்திரன். "ஃபெலிக்ஸ் பொண்டாட்டி ரோஸ்லின்கிட்ட ஓனர் கையெழுத்து வாங்கின காகிதம் தெலுங்குல இருக்கு. உடம்பை வாங்கிக்கிட்டதுக்கு ரசீதுன்னு சொல்லித்தான் வாங்கினார். நான் அவர் மேஜையில படிச்சேன். ஃபெலிக்ஸ் குடிச்சிட்டு மிஷின் ஓட்டினான்னு எழுதியிருக்கு."

ஃபெலிக்ஸ் பீடிகூடக் குடித்ததில்லை என்பது ஒன்பது பேருக்கும் தெரியும்.

ஸ்ரீனிவாசனின் கார் வாசலில் நின்றது. இறங்கியதும் காலியான வண்டியைப் பார்த்தார்.

"என்ன லட்சுமணன், இன்னும் கிளம்பலியா? மதியத்துக்குள்ள அந்தச் சுவரைத் திறந்து குடுக்கணும்."

"மிஷின் ஓடாது சார்" என்றார் லட்சுமணன். "காயில் இல்ல."

ஸ்ரீனிவாசன் மேஜையைப் பார்த்தார். முகம் இறுகியது. "யாரைக் கேட்டுக் கழட்டினே பாலா?"

"போட்டப்ப யாரையும் கேக்கல சார். கழட்டவும் கேக்கல."

"அவன் கவனமில்லாமப் பிடிச்சான், போயிட்டான். அதுக்காக வேலைய நிறுத்த முடியுமா?"

"நான் பக்கத்துல நின்னேன் சார்" என்றாள் தாயம்மாள். "அவன் எப்படிப் பிடிச்சான்னு எனக்குத் தெரியும். நீங்க கீழ கார்ல இருந்தீங்க."

ஸ்ரீனிவாசன் பாலச்சந்திரனின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பேசு. ஃபிட் பண்ணது நீ. வேலைச் சீட்டுல இருக்கறது உன் கையெழுத்து. கேஸ்னு வந்தா முதல்ல உள்ள போறது யாரு?"

பாலச்சந்திரனுக்கு மைதிலியின் முகம் வந்து போனது. தோளிலிருந்த கையை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னான்.

"நான்தான் சார் போவேன். காயிலை வாங்கிக் குடுத்தது யாருன்னும் அங்கயே சொல்லுவேன்."

"வேலை செய்யறவன் செய். மத்தவன் வெளிய போ. நாளைக்கே வேற ஆள் இறக்கத் தெரியும் எனக்கு."

லட்சுமணன் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். "இறக்குங்க சார். அவங்க கையிலயும் இந்தக் காயிலைத்தானே குடுப்பீங்க? கேட்டுல நின்னு அவங்களுக்கும் சொல்லுவோம்." ஒவ்வொரு தலைக்கவசமாகத் தரையில் இறங்கியது. ஒன்பதாவதாக, எல்லோரிலும் பயந்தவனான ஒரு பீகார்க்காரன், இரண்டு தடவை ஓனரைப் பார்த்துவிட்டு வைத்தான்.

இஞ்சின் தூக்கும் சட்டத்தில் சாய்ந்தபடி லட்சுமணன் எழுதினார். சரியான காயில் வரும் வரை எந்த இயந்திரத்தையும் தொட மாட்டோம். செத்தவன்மேல் எழுதிய பொய்யை வாபஸ் வாங்க வேண்டும். ஒன்பது பேரும் கையெழுத்திட்டார்கள். பத்தாவதாகப் பாலச்சந்திரன், தான் செய்ததை ஒரு வரி சேர்த்து எழுதிவிட்டுக் கையெழுத்திட்டான். லேபர் ஆபீசுக்குக் கிளம்பும்போது தாயம்மாள்தான் சொன்னாள்: "மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட போவணும்."

ரோஸ்லின் இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் இருந்தாள். கதவைத் திறந்தவள் இத்தனை பேரைப் பார்த்துப் பயந்தாள். பாலச்சந்திரன் முன்னால் வந்தான். வழியெல்லாம் சேர்த்து வைத்த பேச்சு மறந்துபோயிற்று.

"ஃபெலிக்ஸ் மேல தப்பில்லம்மா. காயில் தப்பு. அதைப் போட்டது நான்." காகிதத்தில் தெலுங்கில் இருந்ததையும் தமிழில் சொன்னான்.

அவள் உதடு வெளுத்துப்போனது.

"குடிச்சிருந்தாருன்னா எழுதியிருக்கு?"

"ஆமாம்மா."

"நானா அதுல கையெழுத்துப் போட்டேன்?"

ரோஸ்லின் உள்ளே போனாள். பாலச்சந்திரன் கதவைச் சாத்திவிடுவாள் என்றே நினைத்தான். அவள் முகம் கழுவிக்கொண்டு, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்தாள். செருப்பை மாட்டினாள்.

"அண்ணே, உங்கள மன்னிக்க எனக்கு மனசு வரல. வருமான்னும் தெரியல. ஆனா நான் வாரேன்" என்றாள். "எங்க போவணும்?"

தாயம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தெரு முழுக்க லேத் பட்டறைகள் திறந்துகொண்டிருந்தன. பட்டறை ஆட்கள் வேலையை விட்டு வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஒருவன் என்னவென்று விசாரித்தான். லட்சுமணன் நடந்தபடியே சொன்னார். அவன் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டான். முன்வரிசையில் ரோஸ்லின் நடந்தாள். பாலச்சந்திரன் கடைசியில் வந்தான். தெருமுனையில் அவள் நின்று, திரும்பிப் பார்த்து, அவன் வந்து சேரும்வரை காத்திருந்தாள்.