கீழறை மைக்

மூன்று மாதமாகக் குகதாசன் பயத்தோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். மனைவி பிரியந்தியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்கே அந்தப் பயமும் கூட வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கவாதத்தில் அவளுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். மூச்சு அதன் வழியாகத்தான், பேச்சு கிடையாது. "சளி வந்து டியூப்ப அடைச்சிக்கிச்சுன்னா ரொம்ப டைம் இல்ல சார், அஞ்சு நிமிஷந்தான்" என்று வார்டு நர்ஸ் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து குகதாசன் குளிக்கப் போனால்கூடக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குளித்தான்.

வீடு மலேசியாவில், பினாங்குத் தீவின் சுங்கை பினாங் பக்கம். பழைய இரண்டு மாடி வரிசை வீடு, மேல்தளம் பலகை. படியேற முடியாதவளுக்குக் கீழே முன்னறையில் கட்டில் போட்டார்கள். அவனுடைய வேலை மேலே. ஜுருவில் இருக்கும் தொழிற்சாலைகளில் கணினிகள் படுத்துவிட்டால், போனில் பேசியே எழுப்பிவிடும் வேலை. நாள் முழுக்கக் காதை மூடிய ஹெட்போன். வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். இந்த வேலை போனால் வெளியே போய்த்தான் சம்பாதிக்க வேண்டும். அவளைத் தனியே விட்டுவிட்டு வெளியே போவது நடக்காத காரியம்.

ஆகவே பயத்துக்குத் தனக்குத் தெரிந்த வழியில் ஓர் ஏற்பாடு செய்தான். குகதாசன் ஒரு லினக்ஸ் பைத்தியம். வீட்டில் மூன்று கணினி, மூன்றிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான். அவற்றில் ஒன்றான, பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப்பைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தான். அதன் மைக்கில் விழும் சத்தம் வைஃபை வழியாக மாடிக்கு வந்து, எந்நேரமும் அவன் ஹெட்போனில் ஓடும். குழாய்க்குள் காற்று போய்வரும் கரகரப்பு, மேலே சுற்றும் விசிறியின் உறுமல், எல்லாம் கேட்கும். யாரோடு என்ன பேசிக்கொண்டிருந்தாலும் அடியில் அவள் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும். பூஜை மாடத்திலிருந்த பித்தளை மணியைக் கட்டில் கம்பியில் நாடாவால் கட்டி, அவளுடைய இடது கைக்கு எட்டும்படி தொங்கவிட்டான். மூச்சு முட்டினால் அவள் மணி அடிக்க வேண்டியது, அவன் ஓடி வர வேண்டியது.

"சாமி மணியையா தம்பி கட்டிலுல கட்டுறீங்க?" என்று கேட்டது ரொஸ்னா அக்கா. காலையில் வந்து பிரியந்தியின் உடம்பு துடைத்து, சளி உறிஞ்சி, உடை மாற்றிவிடும் ரொஸ்னா, ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவள். அவளுக்கே மனசு கேட்கவில்லை.

"சாமிக்கு இப்ப வேற என்னக்கா வேலை? இதயாச்சும் பாக்கட்டும்" என்றான் குகதாசன்.

போன மாதம் லினக்ஸைப் புதுப்பித்தபோதுதான் முதல் வினை வந்தது. கணினிக்குள் எந்தச் சத்தம் எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று பார்த்து அனுப்புகிற மென்பொருளுக்கு சவுண்ட் செர்வர் என்று பெயர். பழைய பல்ஸ்ஆடியோ போய், அந்த நாற்காலியில் பைப்வயர் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு வாடிக்கையாளர் அழைப்பை எடுத்தான். எடுத்த மாத்திரத்தில் ஹெட்போனில் ஓடிக்கொண்டிருந்த மூச்சு பட்டென்று நின்றுவிட்டது.

படிகளில் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. பிரியந்தி சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. திரும்ப மேலே வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். அழைப்பு வந்ததும் புளூடூத் ஹெட்போன் தானாகப் பேச்சு முறைக்கு மாறியிருந்தது. மாறிய அந்த நொடியில் கீழறைச் சத்தம் வழி தெரியாமல், ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் போய்விட்டது. ஆள் அங்கே மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேட்கத்தான் காது இல்லை. தானாக மாறும் அந்த வசதியை ஒரே வரியில் நிறுத்தினான். பேசுவதற்குத் தனி மைக் வாங்கி வைத்தான்.

அந்த ஒரு வரியை அவன் ஒரே ஒரு கோப்பில்தான் எழுதினான். அது அவனுடைய பழக்கம். அமைப்புக் கோப்புகள் எல்லாவற்றையும் மூன்று கணினிக்கும் பொதுவான ஒரே பெட்டியில் வைத்திருப்பான். இங்கே திருத்தினால் மற்ற இரண்டு கணினிகளும் தாமாகவே அதை எடுத்துக்கொள்ளும். ஒரே வேலையை மூன்று தடவை செய்கிறவனைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு வரும். இந்தப் பெட்டியில் அவனுக்கு அவ்வளவு பெருமை.

அடுத்த வினை கோயிலிலிருந்து வந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு முனீஸ்வரர் கோயில். அங்கே பூசைக்கு மணியடிக்க ஆள் இல்லை. மோட்டாரில் ஓடும் மணியும் முரசும்தான். பொத்தானைத் தட்டினால் தெருவே அதிரும். ஜன்னலைச் சாத்தினாலும் பலகைச் சுவரைத் தாண்டி உள்ளே வரும். "அண்ணே, கிளையன்ட்டுக்கு நீங்க பேசுறதே கேக்கலயாம். மேல வரைக்கும் கம்ப்ளெயின் போயிடுச்சு. ஆபீஸ்ல வந்து உக்கார சொல்லுவாங்க போல" என்றாள் கோலாலம்பூரிலிருந்து அர்ச்சனா. அவள்தான் அவனுடைய குழுவுக்குத் தலைவி. வயதில் சின்னவள், நல்ல பெண்.

திங்கட்கிழமை உட்கார்ந்து பைப்வயரில் இரைச்சல் வடிகட்டி ஒன்றை அமைத்தான். மைக்கில் விழுவதில் மனிதப் பேச்சை மட்டும் உள்ளே விட்டு, மற்றதையெல்லாம் துடைத்துவிடும் வடிகட்டி அது. கணினி எதற்கும் இந்த வடிகட்டிய மைக்கையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதி வைத்தான். பிறகு கீழே போய்ப் பித்தளை மணியை அடித்துப் பார்த்தான். மேலே ஓடி வந்து, ஓடவிட்டுப் போயிருந்த பதிவைக் கேட்டான். மணி கணீரென்று கேட்டது. நிம்மதியாக வேலையைப் பார்க்கப் போனான். கீழே இருந்த லேப்டாப்பும் புதிய கோப்பைச் சத்தமில்லாமல் வாங்கி வைத்திருந்தது. ஒரு தடவை அணைந்து எழுந்தால்தான் அதைப் படிக்கும். இது அவனுக்குத் தெரியாத சங்கதி இல்லை. நினைப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை பதினொன்றரை இருக்கும். வழக்கமான பிளக் பாயிண்ட் அன்றைக்குப் படுத்துக்கொள்ள, ரொஸ்னா சளி உறிஞ்சும் இயந்திரத்தைச் செருகத் தலைமாட்டில் இருந்த லேப்டாப்பின் பிளக்கைப் பிடுங்கினாள். வேலை முடிந்ததும் திரும்பச் செருகினாள். மின்சாரம் வந்ததும் லேப்டாப் தானாக எழுந்துகொண்டது. அவன்தான் அப்படி அமைத்து வைத்திருந்தான்.

மேலே ஹெட்போனில் சத்தம் போய், சற்று நேரம் கழித்துத் திரும்ப வந்தது. வந்ததும் ரொஸ்னாவின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது. "தம்பி, தங்கச்சிக்கு எல்லாம் செஞ்சி முடிச்சாச்சு. நான் பாசார் போயிட்டு வந்து பால் காச்சிக் குடுக்குறேன் லா."

"சரிக்கா" என்று மேலிருந்தே கத்தினான். வாசல் கதவு சாத்தப்பட்டிருக்க வேண்டும். அது ஹெட்போனில் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை. விசிறியின் உறுமல்கூட இல்லை. அவனுக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று நாற்காலியைத் தள்ளினான். ரொஸ்னா பேசியதுதான் அவ்வளவு சுத்தமாகக் கேட்டதே, லைன் நன்றாகத்தானே இருக்கிறது, இப்போதுதான் சளி எடுத்திருக்கிறாள், மூச்சு லேசாகப் போகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அதற்குள் அர்ச்சனாவின் அழைப்பு வந்துவிட்டது.

"அண்ணே, ரெண்டு மணிக்கு கிளையன்ட் மீட்டிங். உங்க சவுண்ட டெஸ்ட் பண்ணிக்குவோம். கோயில் பூசை எத்தன மணிக்கு?"

"பன்னண்டுக்கு. இந்தா, இப்ப ஆரம்பிச்சிடுவாங்க பாருங்க."

பேசிப்பேசி நேரம் போனது. பன்னிரண்டுக்குக் கோயில் மோட்டார் எழுந்தது. மேசையில் இருந்த தண்ணீர்க் கோப்பை அதிர்ந்தது. "இப்ப கேக்குதா?" என்றான்.

"என்னாது?"

"மணி! முரசு! வீடே ஆடுது!"

"ஒண்ணுமே கேக்கல அண்ணே. உங்க குரல் மட்டுந்தான் கேக்குது. சுத்தமா இருக்கு."

குகதாசனுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மாதமாகச் சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்து வைத்துச் சிரித்தான். "முனீஸ்வரரையே வாய மூட வச்சிட்டேன் பாத்தீங்களா!" என்றான். அர்ச்சனாவும் சிரித்தாள். அவன் மேசையைத் தட்டித்தட்டிச் சிரித்தான். இனி யாரும் அவனை அலுவலகத்துக்கு வரச் சொல்ல முடியாது.

வெளியே இன்னும் அடிக்கிறார்களா என்று பார்க்க ஹெட்போனைக் கழற்றினான். அந்த நேரம் பார்த்துக் கோயில் மோட்டார் நின்றது. முரசு நின்றது. பெரிய மணியும் நின்றது. ஆனாலும் எங்கோ ஒரு மணி அடித்துக்கொண்டிருந்தது. மெல்லிய மணி, பலகைக்கு அடியிலிருந்து வந்தது. இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

கையிலிருந்த ஹெட்போனைப் பார்த்தான். அதில் அந்த மணி கேட்கவே இல்லை. "அண்ணே? அண்ணே?" என்று அர்ச்சனா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசி நான்கு படிகளில் விழுந்தான். பிரியந்தியின் உதடு நீலமாகிப் போயிருந்தது. கண் திறந்திருந்தது. குழாயின் வாயில் கெட்டியாக ஏதோ அடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த சின்ன இடைவெளியில் காற்று விசில் அடித்தது. இடது கை மெத்தைமேல் கிடந்தது. "பிரியா, வந்துட்டேன், வந்துட்டேன்" என்றான். ரொஸ்னா சொல்லிக்கொடுத்தது ஒன்றும் நினைவில் வரவில்லை. கழுத்துக் குழாய்க்குள் இருக்கும் உள்குழாயைத் திருப்பிக் கழற்ற வேண்டும். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? வலமா, இடமா? விரல்கள் வழுக்கின. நான் இவளைக் கொல்லப் போகிறேன் என்று நினைத்தான். இரண்டாவது தடவை திருப்பியதும் குழாய் கையோடு வந்தது. அதனுள்ளே மெழுகுபோல் உறைந்த சளி. இயந்திரத்தைச் செருகி உறிஞ்சினான். அவள் நெஞ்சு தூக்கிப்போட்டது. ஓர் இருமல், இன்னொன்று. பிறகு, இத்தனை நாள் காதுக்குள் வைத்திருந்தானே, அந்தக் கரகரப்பு வந்தது. விரலில் மாட்டிய ஆக்சிஜன் அளக்கும் கருவி எழுபதிலிருந்து மெல்ல மெல்ல மேலே ஏறியது. அது தொண்ணூறைத் தாண்டுகிற வரைக்கும் அவன் வாய்விட்டு அழுதுகொண்டே நின்றான்.

ஆம்புலன்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனது. நல்ல நேரத்தில் எடுத்துவிட்டீர்கள் என்றார்கள். காய்கறிப் பையோடு பாசாரிலிருந்து வந்த ரொஸ்னா தலையில் அடித்துக்கொண்டாள். புதிய உள்குழாயை மாட்டிவிட்டுப் பால் காய்ச்சப் போனாள்.

குகதாசன் லேப்டாப்பைத் திறந்தான். இரண்டே கட்டளையில் விஷயம் தெரிந்துவிட்டது. மேலே கோயில் மணிக்குப் போட்ட வடிகட்டி இங்கேயும் வந்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ரொஸ்னாவின் பேச்சை விட்டது. விசிறியை விடவில்லை, மூச்சை விடவில்லை, மணியை விடவில்லை. பேசத் தெரிந்தவர்களைத்தான் அது மனிதர்கள் என்று எண்ணியது. அதை அழித்தான். அழித்துவிட்டு மறுபடி ஒரு தடவை பார்த்தான், இன்னொரு தடவையும் பார்த்தான். தன் கையை நினைத்தே அவனுக்கு இப்போது பயமாக இருந்தது.

"எம்மேலதான் தப்பு பிரியா" என்று கட்டிலருகே உட்கார்ந்தான். பிரியந்தி இடது கையை நீட்டி டேப்லெட்டைக் கேட்டாள். ஆள்காட்டி விரலால் பெரிது பெரிதாகக் கோணல் எழுத்தில் எழுதுவாள். ஒரு வரிக்கே வெகுநேரம் ஆகும்.

மணி அடிச்சேன்.

"தெரியும்மா. எனக்குக் கேக்கல. மேல ஒண்ணு செஞ்சி வச்சேன், அது இங்கயும் வந்து..."

அவள் இல்லையென்று தலையை அசைத்தாள். திரையைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள்.

சிரிச்சீங்க.

குகதாசனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது அண்ணாந்து மேலே பார்த்தான். பழைய பலகை. மேலே சிரித்தால், மேசையைத் தட்டினால் இங்கே எல்லாமே கேட்கும். கோயில் மணியைப் பற்றி, அர்ச்சனாவைப் பற்றி, பைப்வயரைப் பற்றி அவன் வேகவேகமாகச் சொன்னான். சொன்னது அத்தனையும் உண்மை. அவள் கேட்டுக்கொண்டே அடுத்த வரியை எழுதினாள். ஒவ்வொரு எழுத்தாக அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேட்டும் வரலன்னு நெனச்சேன். அதான் அடிக்கிறத நிறுத்திட்டேன்.

குகதாசன் அவளுடைய இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் கையைப் பிடிக்கவும் இல்லை.